விடரகங்களுக்குப் பெயரிட்ட கால்கள்

ஒரு நிலம் யாருக்கு உரியது என்பதை ஆவணங்கள் கூறும். அந்நிலத்தில் தம் விருப்பத்தால் நடந்து திரிந்தவர் யார் என்பதை அறிய வேண்டுமாயின், அங்குள்ள ஓடைக்கும் பாறைக்கும் மலைப்பிளவுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்க வேண்டும். இக்கருத்தை இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் என்னும் எரிமலைத் தீவின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், முல்லையாற்றங்கரையில் வாழும் நமக்குத் தொலைதூரத் தீவொன்றின் பள்ளத்தாக்குகள் எதற்கு என்னும் வினா எழலாம். அத்தீவில் தமிழ் மரபினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர் என்பது ஒரு விடை. மற்றொரு விடையைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

மலைவழி நடை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், 583 அடிகளில் கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும்போது, மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், புனங்காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படிந்து வழுக்கும் நீர்த்துறைகள் ஆகியவற்றைக் கூறி, எங்கே கொடியைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும் அது கற்பிக்கின்றது. விடர், விடரகம், முழை, அளை, கவான், அடுக்கம் என மலையின் பிளவுக்கும் குகைக்கும் சரிவுக்கும் தனித்தனிச் சொற்களைப் படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. இத்தகைய மொழியைப் பேசியவர்கள், விடரகங்களே உருவாக அமைந்த ஒரு தீவிற் குடியேறியபோது என்ன நேர்ந்தது என்பது சிந்தனைக்குரியது.

தீவின் அமைப்பு

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் அமைந்தது ரீயூனியன். அதன் பரப்பு 2,512 சதுர கி.மீ. நம் மலைகளின் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுப் பழைமை உடையன. அத்தீவோ கடலுக்கு மேல் எழுந்து முப்பது இலட்சம் ஆண்டுகளே ஆயின. மூவாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த பித்தோன் தெ நேழ் என்னும் எரிமலை அவிந்து நெடுங்காலமாயிற்று. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் இன்றும் அடிக்கடி தீக்கக்குகின்றது. 2007 ஏப்ரலில் அது வெடித்தபோது, அதன் உச்சிவாயின் தளம் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திற்குக் கீழே சரிந்து வீழ்ந்தது.

எரிமலை எழுப்பிய தீவை மழை செதுக்கிற்று எனலாம். அவிந்த எரிமலையைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்னும் மூன்று பெரும் வட்டப்பள்ளங்கள் உள்ளன. செங்குத்தான சுவர்கள் சூழ்ந்த அவற்றினின்று ஆறுகள் குறுகிய பிளவுகளின் வழியே கடலை நோக்கி இறங்குகின்றன. அங்குப் பெய்யும் மழையின் கடுமையை ஓர் அளவால் உணரலாம். 1966 சனவரி 7, 8 நாட்களில், ஒரு புயலின்போது, ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகில் பதிவான ஒருநாள் மழையளவுகளுள் இதுவே மிகப் பெரியது. நம் பள்ளத்தாக்கின் சமவெளியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை இதில் பாதியளவேயாகும்.

ஓடியவர் இட்ட பெயர்கள்

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறியபோது இத்தீவு பூர்போன் எனப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய நிலங்களினின்று மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் சிலர் கடற்கரைத் தோட்டங்களை விட்டு ஓடி, ஆறுகளின் பிளவுகளுக்குள் ஏறி, வட்டப்பள்ளங்களிற் குடிசையிட்டு வாழ்ந்தனர்.

ஓடியவரின் கால்களையே சட்டம் குறிவைத்தது. 1723-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, முதன்முறை தப்பியோடி ஒரு திங்கள் மறைந்திருந்தவரின் காதுகள் அறுக்கப்பட்டுத் தோளிற் சூடிடப்பட்டது. இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்நரம்பு வெட்டப்பட்டது. மூன்றாம் முறை ஓடினால் தண்டனை சாவு. அடிமைவேட்டைக்கெனத் தனிக்குழுக்களும் அமைந்தன. அவற்றின் தலைவருள் பிரான்சுவா முசார் என்பவன் பெயர் இன்றும் அச்சத்துடன் நினைக்கப்படுகின்றது.

இவ்வளவுக்கும் பின் எஞ்சியவை எவை? பெயர்கள். மஃபாத் என்பது கொல்வது எனப் பொருள்படும் மடகாஸ்கர் மொழிச் சொல்லினின்று வந்ததென்பர். தப்பியோடியோரின் தலைவன் ஒருவனுக்கும் அதுவே பெயராயிற்று. சிலாவோஸ் என்பதற்கு விட்டு நீங்காத இடம் என்று பொருள் கூறுவர். மஃபாத்தை நோக்கி நிற்கும் சிமாந்தெஃப் என்னும் சிகரத்தின் பெயருக்கு அடிமையல்லாதவன் என்பது பொருள். எழுத்தறியாத, வேட்டையாடப்பட்ட அம்மக்கள் ஒரு பட்டயத்தையும் விட்டுச் செல்லவில்லை. எனினும் இன்று பிரெஞ்சு அரசு அச்சிடும் ஒவ்வொரு நிலப்படத்திலும் அவர்கள் மொழியே நிற்கின்றது. 2010-இல் யுனெஸ்கோ இத்தீவின் சிகரங்களையும் வட்டப்பள்ளங்களையும் மலைச்சுவர்களையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, அப்பெயர்களும் உடன் ஏறின.

ஆணைக்கு நடந்தவர்

இனித் தமிழர் தடத்தை நோக்குவோம். தலைநகராகிய சான் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையே கிராந்து ஷலூப் என்னும் ஆழ்ந்த மலையிடுக்கு கடலில் வந்து முடிகின்றது. அதன் இரு மருங்கும் ஏறி இறங்கும் பழைய பாதை ஒன்று, எரிமலைக் கருங்கல் பாவப்பெற்று, இன்றும் நடப்போர்க்குப் பயன்படுகின்றது. 1810 சூலையில் ஆங்கிலேயர் இத்தீவைக் கைப்பற்றியபோது, படையின் ஒரு பகுதி இவ்விடுக்கில் இறங்கித் தலைநகரை நோக்கி நடந்தது. அப்போரில் மதராஸ் படையின் சிப்பாய்களும் ஈடுபட்டனர். அவர்தம் படைப்பிரிவுகளுக்குப் பூர்போன் என்னும் போர்ச்சிறப்புப் பெயரும் வழங்கப்பட்டது. ஆனால் அப்பாதைக்கு மக்கள் வழக்கில் அமைந்த பெயர் ஆங்கிலேயர் வழி என்பதே. சிப்பாயின் கால் அங்கு நடந்தது. பெயர் ஆணையிட்டவனுக்குச் சென்றது.

1848 திசம்பர் 20 அன்று ரீயூனியனில் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. முன்னரே 1828-இல் ஏனாமிலிருந்து தொழிலாளர் சிலர் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். விடுதலைக்குப் பின் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்தும், 1860-ஆம் ஆண்டின் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் துறைகளிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கொடுமைகள் பற்றிய முறையீடுகள் மிகுந்தமையால் 1882-இல் ஆங்கில அரசு இவ்வாட்போக்கை நிறுத்தியது. அந்நூற்றாண்டில் சென்ற இந்தியர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் தமிழர். அத்தீவில் அவர்களுக்கு மலபார் என்று பெயர்.

இவர்களில் மிகப் பலர் அத்தீவின் மண்ணில் முதன்முதல் தங்கிய இடம், முன்னர்க் கூறிய கிராந்து ஷலூப் இடுக்கே. 1860-ஐ ஒட்டி அங்கு நோய்த்தடுப்புக் காப்பகம் எழுப்பப்பட்டது. காலராவும் அம்மையும் ஊருக்குட் புகாதிருக்க, வந்தவர்கள் இரு மலைச்சுவர்களுக்கும் கடலுக்கும் இடையே நிறுத்தி வைக்கப்பட்டனர். அதன் பின்னரே தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். ஓடிவந்த அடிமைக்கு மலையிடுக்கு அடைக்கலமாயிற்று. ஒப்பந்தத் தமிழனுக்கு அதுவே அடைப்பாயிற்று.

தோட்டத்திலும் நிலை வேறன்று. ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு உரியது. தொழிலாளி தன் கையேட்டை உடன் வைத்திருத்தல் வேண்டும். அதுவின்றித் தோட்டத்தின் எல்லை கடந்து திரிந்தால், ஊர்சுற்றி எனப் பிடிபடுவான். தப்பியோடியவரும் இருந்தனர். எனினும் பெரும்பாலோர் நடை, குடியிருப்புக்கும் கரும்புக்கொல்லைக்கும் ஆலைக்கும் இடைப்பட்டதே. மலையை அவர்கள் நாள்தோறும் கண்டனர்; அதனுள் நடக்க உரிமை பெற்றிலர். மூன்று வட்டப்பள்ளங்களின் பெயர்களுள் ஒன்றேனும் தமிழாகாமைக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பிறர் பொருட்டு மலையேறிய தோள்களும் உண்டு. தீவின் சான் போல் நகரில் 1818-இற் பிறந்து பிரெஞ்சுக் கவிதையிற் பெரும்புகழ் பெற்ற லெகோந்து தெ லீல், ரவீன் சான் ழீல் என்னும் மலையிடுக்கைத் தனிக்கவிதையாகவே பாடியவர். பல்லக்கிற் செல்லும் நங்கையைப் பாடிய மான்ஷி என்னும் மற்றொரு கவிதையில், அப்பல்லக்கைச் சுமந்து வருவோர் இந்தியர் இருவர். தெலிங்கர் என்று அவர்களைக் குறிக்கிறார். அவர்தம் வளையும் சிலம்பும் கவிஞர் கண்ணுக்குத் தெரிகின்றன. அவர்கள் என்ன பேசிக்கொண்டு நடந்தனர் என்பது கவிதையில் இல்லை.

தமிழ் எங்கே தங்கிற்று?

மலையில் இடம்பெறாத தமிழ் மனிதர் பெயரிலும் அடுக்களையிலும் கோயிலிலும் தங்கிற்று. பதிவேட்டில் எழுதப்பட்ட இயற்பெயரே பின்னாளிற் குடும்பப்பெயராக உறைந்தமையால், ராமசாமி என்பது இன்று அங்கே ஒரு குடும்பப்பெயர். முருங்கை அவர்கள் பேச்சில் மூருங், கறிவேப்பிலை கலுப்பிலே, ஊறுகாயினின்று வந்ததெனப்படும் ருகாய் தீவினர் அனைவர்க்கும் பொதுவான தொடுகறி. மாரியம்மன் மர்லியெமென் ஆகவும், பாஞ்சாலி பாந்தியாலே ஆகவும் அங்கு வீற்றிருக்கின்றனர். நாட்டில் நாம் வழங்கும் ஒலிப்பினின்று இவை திரிந்தனவே; ஆயினும், பள்ளியும் ஏடுமின்றிப் பல தலைமுறை வாய்வழியே நின்ற சொற்கள் அவை.

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தீமிதிக்கும் அம்மன் விழாவிற்கும் கரகம் சோடிப்பது அங்கே பெரும்பாலும் ஆற்றங்கரையில் அல்லது மலையோடையின் கரையில்தான். பாஞ்சாலி தீமிதிக்கு முன் பதினெட்டு நாள் நோன்பிருந்து, மஞ்சளாடை உடுத்து, நீர்த்துறையிலிருந்து கோயில்வரை நடந்து, பின் தணலில் இறங்குகின்றனர். கையேடும் காவலும் தடுத்த கால்களுக்குத் தம் விருப்பால் நடக்கக் கிடைத்த வழி அது ஒன்றே. மலையிடுக்கிற்கு அவர்கள் பெயரிடவில்லை. ஆனால் அதன் நீரைத் தலையிற் சுமந்து வந்தனர். வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவின்போது முல்லையாற்று நீரை மொண்டுவந்து கம்பத்திற்கு ஊற்றும் நம் ஊர்ப் பெண்கள், அக்காட்சியைக் கண்டால் மொழி தெரியாமலே பொருள் விளங்கிக்கொள்வர்.

இன்று மஃபாத்துக்குள் வண்டிச்சாலை இல்லை. அங்கு வாழும் சில நூறு மக்களும், காணவரும் ஆயிரக்கணக்கானோரும் நடந்தே புகுகின்றனர். இன்றேல் ஹெலிகாப்டரில் இறங்குகின்றனர். சிலாவோசுக்கு 1932-இற்றான் சாலை அமைந்தது. அதுவரை வெந்நீரூற்றுகளை நாடியோர் சுமைகாரர் தோளில் நாற்காலியில் அமர்ந்து ஏறினர். இப்போது அவ்வழிகளில் நடக்கும் இளைஞருள் ராமசாமிகளும் இருப்பர். கையேடு கேட்பார் எவருமிலர். அவர்தம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட நடை அது.

நம் மலைக்கு வருவோம்

தொடக்கத்திற் குறித்த இரண்டாவது விடைக்கு வருகிறேன். நம்மைச் சூழ்ந்த மலைகளின் ஓடைகளுக்கும் இடுக்குகளுக்கும் பெயர்கள் நிறைய உள்ளன. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையில், பாம்பாறு பாறையைக் குடைந்த பள்ளங்கள் கூட யானைக் கெஜம், பாம்புக் கெஜம் எனப் பெயர் பெற்றுள்ளன. ஆழமும் சுழலும் எங்கே உயிரைக் குடிக்கும் என்பதை அப்பெயர்களுடன் சேர்த்தே பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். பளியர், தேனெடுப்போர், ஆடு மேய்ப்போர், கணவாய் வழியே ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற பெண்கள் ஆகியோர் வாயில் இன்னும் எத்தனையோ பெயர்கள் வழங்குகின்றன. அவை பெரும்பாலும் எந்த நிலப்படத்திலும் ஏறவில்லை.

மஃபாத்தை ஓர் இலக்கியமும் காக்கவில்லை. அங்கு வாழ்ந்தோரின் நாவே காத்தது. நம்மிடையே அந்நாவுகள் ஒன்றொன்றாக ஓய்ந்து வருகின்றன. மேய்ச்சல் குறைந்தது, காட்டுவழிகள் அடைபட்டன, கூலிக்குச் செல்வோர் இன்று ஜீப்பிற் செல்கின்றனர். நடை நின்றவிடத்துப் பெயரும் நிற்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையிற் காட்டுத்தீ பரவியபோது, வெளியூர்களிலிருந்து மலையேற வந்தவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகை சூழ்ந்தபோது எப்பக்கம் இறங்குவது என்றறியாத சரிவில் அவர்கள் சிக்கினர். வழியறிந்தவரின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும் என்று மலைபடுகடாம் கற்பித்ததன் பொருள் அன்று நமக்குச் சுடுமாறு விளங்கியது. ஓர் ஓடையின் பெயர் அழகுக்குரிய அணியன்று. அங்கு நடந்து பிழைத்தவர் பின்வருவோர்க்கு விட்டுச் சென்ற அறிவு.

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்திய கபிலரின் மரபினர் நாம் என்று மேடைதோறும் கூறிக்கொள்கிறோம். பத்தாண்டுகளாகக் கவியரங்குகளிற் குறிஞ்சித்திணையைப் பலமுறை பாடியுள்ளது நம் வட்டம். அடுத்த பத்தாண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பளியரையோ ஓர் ஆயரையோ நாடி, அவர் நடந்த ஓர் ஓடையின் பெயரையும் அதற்கு அவர் கூறும் காரணத்தையும் கேட்டு எழுதிக் கொணர்தல் வேண்டும். சொன்னவர் பெயரும் அதனருகே எழுதப்பட வேண்டும். ஆங்கிலேயர் வழியில் நடந்த மதராஸ் சிப்பாயின் பெயரைக் கேட்டு எழுத அன்று ஒருவரும் இல்லை. நம் மலைவழிகளில் நடந்தவர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.