நகர்கோட்டத்து ஆதிநாதரும் ஒரு பழைய மடலும்

இமயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது கயிலை. ஆதிபகவனாகிய ரிஷபதேவர் வீடுபேறு அடைந்த அட்டாபதம் அதுவே என்பது நம் மரபு. ஆண்டுதோறும் ஜினராத்திரியன்று நோன்பிருந்து கண்விழிக்கும் நாம் அந்த மலையைத்தான் மனத்தால் வலம் வருகிறோம். ஆயின் கயிலை திபெத்தில் இருக்கிறது. அதன் உயரமும் குளிரும் அறுபதைக் கடந்த என்போன்றோருக்கு இடந்தருவன அல்ல. ஆகவே வந்தவாசி, ஆரணி, காஞ்சிப் பகுதிகளைச் சேர்ந்த இருபத்து மூவர் சென்ற பங்குனியில் கயிலையை விடுத்து இமயத்தின் அடிவாரத்தை நாடினோம். நாங்கள் சென்றது இமாசலப் பிரதேசத்தின் காங்ராப் பள்ளத்தாக்கு. தங்கியது ஐந்து நாள்.

"அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று புறப்படும் முன்பே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காங்ரா என்றால் வஜ்ரேசுவரியும் ஜ்வாலாமுகியும்தான் வடநாட்டார் வாயில் வரும். அதற்கு விடைகூற முற்படுவதே இக்கட்டுரை.

பதான்கோட்டிலிருந்து வண்டியில் செல்லும்போது இடப்புறம் தௌலாதார் மலைத்தொடர் வெண்பனி போர்த்து உடன் வருகிறது. பாணகங்கையும் மாஞ்சியும் கூடுமிடத்தில், இருபுறமும் செங்குத்தான பள்ளத்தோடு உயர்ந்து நிற்பது காங்ராக் கோட்டை. இதன் பழம்பெயர் நகர்கோட்டம். மகாபாரதத்தில் வரும் திரிகர்த்த நாட்டு அரசன் சுசர்மனின் வழியினர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் கடோச் மரபினர் இதனை ஆண்டனர். 1009இல் கஜினி மாமூது இங்குள்ள செல்வத்தைக் கொள்ளையிட்டான். பதினான்காம் நூற்றாண்டில் பிரோசு துக்ளக் முற்றுகையிட்டான். 1620இல் ஜஹாங்கீரின் படை கைப்பற்றியது. 1809இல் ரஞ்சித் சிங்கும் 1846இல் ஆங்கிலேயரும் உடைமையாக்கிக் கொண்டனர். இத்தனை பேர் கைமாறியும் நின்ற கோட்டையை 1905 ஏப்ரல் 4ஆம் நாள் விடியற்காலை நிகழ்ந்த நிலநடுக்கம் சில நொடிகளில் சிதைத்தது. அன்று அப்பகுதியில் மாண்டோர் ஏறத்தாழ இருபதினாயிரவர்.

வாயிலுக்குப் பின் வாயிலாக ஏறிச் சென்றால், கங்கை யமுனை உருவங்கள் இருபுறமும் நிற்கும் தரிசன வாயில் வருகிறது. அதனுள்ளே ஒரு முற்றம். முற்றத்தின் ஒருபால் இடிந்துபோன இலட்சுமி நாராயணர் கோயிலின் சுவர், இன்னும் வழிபாட்டில் உள்ள அம்பிகை கோயில், இவற்றுக்கு இடையே ஒரு சிறு ஜினாலயம். அதனுள் ஆதிநாதர் பதுமாசனத்தில் வீற்றிருக்கிறார். எவ்விதப் பகட்டும் இல்லாத கல். அந்தச் சிறு வாயிலின் முன் நின்றபோது, படியேறிய களைப்பில் முணுமுணுத்து வந்தவர்களும் வாய்மூடி நின்றனர்.

அங்கு ஒரு சிறு தயக்கமும் எழுந்தது. இது சுவேதாம்பர மரபினர் போற்றும் தலம். கோட்டையின் அடியில் உள்ள கோயிலும் தர்மசாலையும் அவர்களுடையனவே. திகம்பர மரபினராகிய நாம் இங்கு வழிபடலாமா என்று பெரியவர் ஒருவர் என் காதருகே வினவினார். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் அவருடைய துணைவியார் அதற்குள் விழுந்து வணங்கி எழுந்துவிட்டார். பெரியவரும் வணங்கினார். பேச்சு அத்துடன் முடிந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். தொல்லியல் ஆய்வின் முன்னோடியான அலெக்சாண்டர் கன்னிங்காம், இப்படிமத்தின் பீடத்தில் சம்வத் 1523, அதாவது கி.பி. 1466 என்னும் ஆண்டு பொறித்த சாசனம் இருப்பதைக் குறித்துள்ளார். அது முதலாம் சன்சார் சந்தின் காலம். இந்த ஒரு செய்தி மட்டுமே கிடைத்திருந்தால், பதினைந்தாம் நூற்றாண்டில் யாரோ ஒரு வணிகர் இங்கே ஒரு படிமம் வைத்தார் என்று எழுதிவிட்டு வரலாற்றாசிரியர் அடுத்த பக்கம் புரட்டியிருப்பர். அவ்வாறு நேராமற் காத்தது ஒரு மடல்.

குசராத்திலுள்ள பாடண் நகரத்தின் ஏட்டுச்சுவடி நிலையங்கள் புகழ்பெற்றவை. அங்கு ஆய்ந்துகொண்டிருந்த முனி ஜினவிஜயர் ஒரு வடமொழிச் சுவடியைக் கண்டெடுத்து 1916இல் பாவநகரிலிருந்து வெளியிட்டார். அதன் பெயர் விஞ்ஞப்தி திரிவேணி. விஞ்ஞப்தி என்பது மாணாக்கர் தம் ஆசாரியருக்கு விடுக்கும் விண்ணப்ப மடல். கரதர கச்சத்தைச் சேர்ந்த ஜயசாகர உபாத்தியாயர், சிந்து நாட்டிலிருந்து பாடணில் இருந்த ஆசாரியர் ஜினபத்திர சூரிக்குச் சம்வத் 1484இல், கி.பி. 1427 அளவில் எழுதியது அது. சிந்து நாட்டுப் பரீத்புரத்திலிருந்து சிராவகர் குழு ஒன்றுடன் கால்நடையாகப் புறப்பட்டு, விபாசை என்னும் பியாசு ஆற்றைக் கடந்து, நகர்கோட்டம் சென்று வணங்கி மீண்ட வரலாற்றை அவர் விரித்துரைக்கிறார்.

இம்மடல் தரும் காட்சி நம்மை வியக்க வைப்பது. அன்றைய நகர்கோட்டத்தில் ஊரினுள் மூன்று ஜினாலயங்கள், கோட்டையினுள் ஒன்று. சாந்திநாதர் கோயில் க்ஷேமசிம்மன் என்னும் சிராவகர் எடுப்பித்தது. மகாவீரர் கோயில் ரூபசந்திர மன்னன் எடுப்பித்தது. அதில் பொன்னாலான படிமம் இருந்தது. மூன்றாவது ஆதிநாதருடையது. கோட்டையினுள் இருந்ததும் ஆதிநாதரே. அது நேமிநாதர் காலத்திலேயே சுசர்மன் நிறுவியது என்று அவ்வூரார் அவரிடம் சொல்லியிருக்கின்றனர். அப்போது ஆண்ட நரேந்திரசந்திரன் முனிவரை அவைக்கு அழைத்து உபசரித்ததோடு, தன் அரண்மனையில் வைத்துப் போற்றிய மணிப் படிமங்களையும் காட்டினான் என்கிறது மடல்.

இங்கே இரண்டு செய்திகளை நான் வலியுறுத்த விரும்புகிறேன். முதலாவது: ஜயசாகரர் வந்தது 1427, பீடத்தில் கன்னிங்காம் படித்த ஆண்டு 1466. அவர் கோட்டையில் வணங்கிய ஆதிநாதரும் நாங்கள் வணங்கிய ஆதிநாதரும் ஒருவரே என்று அடித்துக்கூற இயலாது. பழைய படிமம் பின்னமுற்று, அதே இடத்தில் புதியது எழுந்தருளியிருக்கலாம். பக்தியுள்ளம் இதனை ஏற்கத் தயங்கும். ஆயினும் படிமம் மாறியிருப்பினும் இடம் மாறவில்லை, பெருமான் பெயரும் மாறவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகப்பட்டது. இரண்டாவது: ரூபசந்திரன் கோயில் எடுத்ததாலும் நரேந்திரசந்திரன் படிமம் வைத்திருந்ததாலும் அவர்களைச் சமண மன்னர் என்று நாம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. தம் நாட்டில் வாழ்ந்த எல்லாச் சமயத்தாரையும் பேணிய அரசர் அவர்கள். விழா மலர்களில் நாம் சில வேளைகளில் இந்த எல்லையை மறந்து எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன்.

முற்றத்தில் அருகேயே இருக்கும் அம்பிகை, கடோச் மரபினரின் குலதெய்வம். அம்பிகை என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் குழுவின் பெண்டிர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நேமிநாதரின் யட்சியான அம்பிகையைத்தானே நாம் தருமதேவி என்று வழிபடுகிறோம்? போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் நெடிது நிற்க, தருமதேவியும் உடன் விளங்குவதைக் காணாதவர் நம்மில் யார்? ஆதிநாதரை நிறுவிய காலத்தை நேமிநாதர் காலம் என்று நகர்கோட்டத்தார் சொல்லியதற்கும் இந்த அம்பிகைக்கும் தொடர்பு உண்டா என்பது ஆராய வேண்டிய ஒன்று. இன்று அவளை வழிபடுவோர் துர்க்கையாகவே வழிபடுகின்றனர்.

மறுநாள் மஸ்ரூர் சென்றோம். ஒரே பாறையைக் குடைந்து எடுத்த கோயில்கள், எதிரே குளம், குளத்தில் மலையின் நிழல். நம் மாமல்லபுரத்து இரதங்களை நினைவூட்டும் வேலைப்பாடு. ஆயினும் எங்கள் தேட்டத்துக்குரியது அங்கில்லை. ஜ்வாலாமுகியில் கூட்டம் மிகுதி, விரைவில் திரும்பினோம்.

நான்காம் நாள் பைஜ்நாத். இதன் பழம்பெயர் கீரகிராமம். இங்குள்ள வைத்தியநாதர் கோயில் கி.பி. 1204இல் மன்யுகன், ஆகுகன் என்னும் வணிக உடன்பிறந்தார் இருவர் எடுப்பித்தது. சாரதா எழுத்தில் பொறித்த நீண்ட சாசனங்கள் அதனைக் கூறுகின்றன. அக்கோயிலில் ஒரு மாடத்தில் சூரியன் சிலை ஒன்று உள்ளது. சூரியன் நிற்கும் பீடம் சூரியனுடையது அன்று. அதில் உள்ள சாசனத்தை ஜார்ஜ் பியூலர் படித்து 'எபிகிராபியா இண்டிகா' முதல் தொகுதியில் வெளியிட்டார். சம்வத் 1296இல், கி.பி. 1240 அளவில், மானு என்னும் வணிகரின் மக்கள் தோல்ஹணன், ஆல்ஹணன் இருவரும் கீரகிராமத்தில் மகாவீரர் படிமத்தைச் செய்வித்தனர் என்பது அதன் செய்தி. பிரதிட்டை செய்தவர் தேவபத்திர சூரி.

ஒரே சிற்றூர். முப்பத்தாறு ஆண்டு இடைவெளி. இரண்டு இணை வணிக உடன்பிறந்தார். ஓர் இணை சிவனுக்கு எடுத்த கோயில் நிற்கிறது. மற்றோர் இணை எடுத்த ஜினாலயம் எங்கிருந்தது என்பதற்கு ஒரு சுவடும் இல்லை. மகாவீரர் படிமமும் இல்லை. எஞ்சியது அடிப்பீடம், அதன்மேல் சூரியன்.

இதனை நான் விளக்கியபோது இளைஞர் ஒருவர் கொதித்துப் போனார். "நம் பீடத்தை நாம் கேட்டுப் பெற வேண்டாமா, ஐயா?" என்றார். அவர் சினத்தை நான் குறை கூறேன். நம்மூர்க் கழனி வரப்பிலும் ஏரிக்கரையிலும் தீர்த்தங்கரர் படிமங்கள் வெயிலில் கிடப்பதைச் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவர் அவர். நான் சொன்னது இதுதான்: யாரோ ஒருவர் இந்தக் கல்லை எடுத்துச் சூரியனுக்குப் பீடமாக்கியிராவிட்டால், அது படிக்கட்டாகவோ சுவரின் உள்ளீடாகவோ போயிருக்கும், தோல்ஹணன், ஆல்ஹணன் என்ற பெயர்களை இன்று நாம் உச்சரித்திருக்க மாட்டோம். அவர் முழுதும் அமைதியுறவில்லை. எனக்கும் அவ்விடை முழு நிறைவு தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காங்ராக் கடைவீதியில் இந்திரேசுவரர் என்னும் சிறு சிவன் கோயிலைச் சார்ந்தும் பழைய ஜினப் படிமம் ஒன்று இருந்தது. அதன் சாசனத்தையும் பியூலரே படித்தார். அது ஒன்பதாம் நூற்றாண்டினது என்பது அவர் துணிபு. தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு சிராவகக் குடும்பத்தின் பெயர்கள் அதில் உள்ளன. ரல்ஹா என்ற இல்லத்தரசியின் பெயரும் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் அடியில் வாழ்ந்த அப்பெண்மணி சமையலறையில் நீரை வடிகட்டியிருப்பார், பொழுது சாயுமுன் குழந்தைகளுக்குச் சோறிட்டிருப்பார். வரலாறு அவரைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

ஜினவிஜயர் மடலை வெளியிட்ட பின்னரே பஞ்சாப் சமணர்களின் பார்வை மீண்டும் காங்ராவை நோக்கித் திரும்பியது. 1978இல் சாத்வி மிருகாவதி அங்குச் சாதுர்மாசம் இருந்தார். கோட்டையின் ஆதிநாதருக்கு வழிபாடு புத்துயிர் பெற்றது அவர் முயற்சியால். இன்று ஹோலியை ஒட்டிப் பஞ்சாபிலிருந்து ஆண்டுதோறும் யாத்திரிகர் வருகின்றனர். நூற்றாண்டுகள் மூடிக்கிடந்த பாதையை ஒரு முனிவர் எழுதிய மடல் திறந்திருக்கிறது.

இதனை எண்ணும்போது எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. என் பாட்டனார் நம்மூரார் சிலருடன் சம்மேதசிகரம் சென்று வந்தவர். எந்த ஆண்டு, யார் யார் உடன் சென்றனர், எந்த வழியாகச் சென்றனர், திரும்பாமல் போனவர் எவர் — ஒன்றும் எங்கள் வீட்டில் தெரியாது. அவர் கொண்டுவந்த சிறு வெள்ளித் தட்டு ஒன்று மட்டும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்தாம் அவர். ஏடெழுதும் குடும்பந்தான் எங்களுடையது. ஆயினும் தம் பயணத்தை எழுதத்தக்க ஒன்றாக அவர் கருதவில்லை. உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளில் அத்தகைய குறிப்பேடு ஏதேனும் இருப்பின், கறையான் முந்திக்கொள்ளுமுன் எடுத்துப் படியெடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் மாலை தர்மசாலையில் உணவு முடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். கோட்டையில் முதலில் விழுந்து வணங்கிய அந்த அம்மையார் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கேட்டபோது நாணி மூடிக்கொண்டார்; பின்னர் கணவர் சொல்லியதால் காட்டினார். நாள்தோறும் நான்கைந்து வரி எழுதியிருக்கிறார். கோட்டைக்குப் போன நாளின் பக்கத்தை அவர் இசைவு பெற்று இங்கே தருகிறேன்: "பங்குனி, செவ்வாய். காங்ராக் கோட்டை. படிகள் அதிகம். ஆதிநாதர் சுவாமி ஒருவரே இருக்கிறார். பக்கத்தில் தருமதேவி போல ஓர் அம்மன். வெயில் இருக்கும்போதே கீழே வந்து சாப்பிட்டோம். அவருக்கு முழங்கால் வலி. பனிமலை தெரிந்தது."