கரிய தூளிலிருந்து பொன் துணிக்கை வரை

அரசர்தம் ஆட்சியும் போரும் மட்டுமே வரலாறாகா. ஆய்வுகூட மேசையிற் கிடந்த கரிய தூளுக்கும் வரலாறு உண்டு. அற்ககோலை ஒட்சியேற்றும் உலோக ஊக்கிகளின் கதை அத்தகையதே.

அயர்லாந்தின் கோர்க் நகரிலே இரசாயனப் பேராசிரியராக விளங்கிய எட்மண்ட் டேவி, 1820இல் மிக நுண்ணிய பிளாற்றினத் தூளொன்றைப் பற்றி எழுதினார். அற்ககோல் பட்டதும் அத்தூள் காற்றிலே சூடேறியது, அற்ககோல் அமிலமாயிற்று. புகழ்பெற்ற ஹம்பிரி டேவியின் உறவினரான இவரை இன்று நினைப்போர் சிலரே. ஜேர்மனியின் யேனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொபரைனர் இப்பரிசோதனையைத் தொடர்ந்து, விளைவது அசற்றிக்கமிலமும் நீருமே என நிறுவினார். பிளாற்றினத்தை அவர் களிமண்ணுடன் கலந்தும் பயன்படுத்தினார். அருமையான உலோகத்தை மலிவான தாங்கியிற் பரப்பும் முறைக்கு இதுவே வித்தெனலாம்.

சிதறிக்கிடந்த இத்தகைய அவதானங்களை ஒருங்கு திரட்டி, 1835இல் அவற்றுக்கு ஒரு பொதுப் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டவரான பேர்சீலியசு. பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

முதலான அற்ககோல் முதலில் அல்டிகைட்டாகவும் பின்னர் அமிலமாகவும் மாறும். வேண்டிய இடத்தில் அதனை நிறுத்துவதே அரிது. இதற்கெனக் கையாளப்பட்ட குரோமியச் சேர்வைகள் நச்சுக் கழிவை விட்டுச்சென்றன. ஒட்சிசனையே பயன்படுத்தினால் எஞ்சுவது பெரும்பாலும் நீரே. ஆயின், அதற்கேற்ற ஊக்கி வேண்டும்.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தாக்கமற்றதெனப் பெரிதும் ஒதுக்கப்பட்டிருந்த பொன்னைச் சில நனோமீற்றர் அளவான துணிக்கைகளாக உலோக ஒட்சைட்டின்மீது படியச்செய்தால், 0 பாகை செல்சியசுக்குக் கீழேயும் காபனோரொட்சைட்டு ஒட்சியேறும் என யப்பானியரான ஹாருட்டா 1980களில் காட்டினார். 1998இல் இத்தாலியரான பிராற்றியும் ரொசியும் காபன்மீது தாங்கப்பட்ட பொன்னால் இரு ஐதரொட்சில் கூட்டங்களையுடைய அற்ககோல்களைத் தேர்ந்து ஒட்சியேற்றினர். 2006இல் காடிவ் பல்கலைக்கழகத்து ஹட்சிங்ஸ் குழுவினர், தைத்தேனியமீரொட்சைட்டின்மீது பொன்னையும் பலேடியத்தையும் சேர்த்து, கரைப்பானின்றியே அற்ககோல்களை அல்டிகைட்டுகளாக்கினர்.

இவ்வரலாறு நேர்கோட்டு முன்னேற்றமன்று. உலோகத்தின் நுண்மையே ஆற்றல் தருவது என்ற குறிப்பு 1820ஆம் ஆண்டுத் தூளிலேயே இருந்தது. ஆனால், துணிக்கையைக் கண்டு அளக்க இலத்திரன் நுணுக்குக்காட்டி 1930களில்தான் தோன்றியது. உண்மை முன்னே நின்றாலும் அதனைக் காணும் கருவி வாய்க்கும்வரை அது காத்திருக்க நேர்கின்றது. ஆகவே, அறிவியல் வரலாற்றை எழுதுவோர் மேதையரின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாது, கருவிகளின் வரலாற்றையும், கோர்க் போன்ற சிறு நகரங்களில் உழைத்தோரின் பணியையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.