புண்ணுக்குப் போடுற அயோடின் விண்வெளிக்குப் போன கதை

1/
ஆபரேஷனுக்கு முன்னாடி தோலில் தடவுவோமே, பழுப்பு நிற மருந்து? அதில் இருப்பது அயோடின். உப்பில் சேர்த்து முன்கழுத்துக் கழலை வராம தடுப்பதும் அதேதான். இன்னிக்கு அதை வச்சு குட்டி சாட்டிலைட்டையே ஓட்டுறாங்க. எப்படின்னு பார்ப்போம் மக்களே.

2/
சாதாரண ராக்கெட் எரிபொருளை எரிச்சுப் போகும். மின் உந்துவிசையில் எரிப்பதே கிடையாது. அணுக்களுக்கு மின்னூட்டம் ஏத்தி, மின்புலத்தால் பின்னாடி வேகமா தள்ளுவாங்க. சாட்டிலைட் முன்னாடி நகரும்.

3/
யோசனை பழசு. அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் 1906லேயே தன் குறிப்பேட்டில் எழுதி வச்சிருக்கார். 1964 ஜூலை 20ல நாசாவின் செர்ட்-1 விண்வெளியில் 31 நிமிடம் ஓட்டிக் காட்டியது. எரிபொருள்? பாதரசம். நம்ம பழைய தெர்மாமீட்டரில் இருந்த அதே நச்சு.

4/
அதனால பிறகு செனானுக்கு மாறினாங்க. மயக்க மருந்தாவும் பயன்படுற வாயு அது. பாதுகாப்பானது, ஆனா காற்றில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அதனால விலை அதிகம். உயர் அழுத்த சிலிண்டரும் வேணும்.

5/
1999ல ட்விக்ஸ், புய்க்-சுவாரி என்ற இரு பேராசிரியர்கள் கியூப்சாட் கொண்டு வந்தாங்க. பக்கத்துக்கு 10 செ.மீ., எடை சுமார் ஒரு கிலோ. அதுக்குள்ள சிலிண்டர் எங்கே வைக்கிறது? பெரும்பாலானவை எஞ்சினே இல்லாமத்தான் பறந்தன.

6/
அதில் என்ன ஆபத்து? 2009 பிப்ரவரி 10ல, சைபீரியாவுக்கு மேலே, செயலிழந்த ரஷ்ய காஸ்மோஸ் 2251 வேலை செஞ்சிட்டிருந்த இரிடியம் 33 மேல மோதியது. ஆயிரக்கணக்கான துண்டுகள்! விலக முடியாத ஒண்ணு மேலே இருந்தா மத்த எல்லாருக்கும் ஆபத்து.

7/
தனிம அட்டவணையில் செனான் 54, பக்கத்திலேயே அயோடின் 53. அணு எடையும் கிட்டத்தட்ட சமம். ஆனா இது திடப்பொருள். சிலிண்டர் வேண்டாம், சூடாக்கினா நேரா ஆவியாகிடும். உலோகத்தை அரிக்கும் என்பதுதான் சிக்கல். அதுக்கு பீங்கானும் பாலிமரும் கைகொடுத்தன.

8/
2020 நவம்பரில், சுமார் 20 கிலோ எடையுள்ள ஒரு சீன சாட்டிலைட்டில் பிரான்ஸின் த்ரஸ்ட்மீ நிறுவனம் செஞ்ச அயோடின் எஞ்சின் போச்சு. அதன் விசை மூணு நாலு அரிசி மணியின் எடை அளவுதான்! ஆனா திரும்பத் திரும்ப இயக்கி, சுற்றுப்பாதை உயரத்தை மொத்தம் 3 கி.மீ.க்கு மேல மாத்திக் காட்டினாங்க. 2021ல நேச்சர் இதழில் முடிவு வெளியாச்சு.

9/
தாழ்வான சுற்றுப்பாதை சாட்டிலைட்டுகளை, வேலை முடிஞ்ச ஐந்தே வருஷத்தில் அப்புறப்படுத்தணும்னு 2022ல அமெரிக்கா விதி போட்டது. மேலே அனுப்பினா போதாது, விலகவும் கீழே இறக்கவும் வழி வேணும். அந்த வழி நம்ம மருந்து அலமாரியிலேயே இருந்திருக்கு.