ஒட்டப்படாத துண்டுகள்

மகாகவி பாரதி நகர் என்ற முழுப்பெயர் வழக்கொழிந்து, எம்.கே.பி. நகர் என்று மூன்றெழுத்தாகச் சுருங்கிவிட்ட எங்கள் குடியிருப்பில், எதிர்மாடியில் வசித்த பெரியவர் ஒருவர், 1996-இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை மூடப்பட்டபின் கணக்குத் தீர்த்துக் கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை, மென்பொருள் கம்பெனி ஒன்றின் பங்குகளில் போட்டார். அதைப் பேராசை என்று நான் ஒருநாளும் கருதியதில்லை. தறியின் காலம் முடிந்து கணினியின் காலம் பிறக்கிறது என்பதை, தறியோடு முப்பது வருஷம் வாழ்ந்த அவரைவிட உணர்ந்தவர் யார்?

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. காலைப் பத்திரிகை வந்ததும், கம்பெனிக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒப்பந்தம், காலாண்டு லாபம், நிபுணர்களின் சிலாக்கியமான அபிப்பிராயம் ஆகியவற்றைக் கத்தரித்து, மைதாப் பசை தடவி, தேதியிட்டு ஒட்டுவார். வரவேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்ற செய்தியும் அதே பக்கத்தில் வந்ததுண்டு; கத்தரிக்கோல் அதைத் தொடாமல் வளைந்து செல்வதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை அதைச் சுட்டிக்காட்டினேன். "வெள்ளக்காரனே வாங்குறான் சார், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்றார்.

வெள்ளைக்காரனும் இவ்விதமே ஏமாந்த சரித்திரம் ஒன்று நம் நீலகிரியில் உண்டு. கூடலூருக்கு அப்பால், தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து மலைகளில் குறும்பர் முதலிய பழங்குடிகள் தொன்றுதொட்டுப் பாறையைக் குடைந்தும் மண்ணை அலசியும் பொன் எடுத்துவந்தனர். 1830-களின் தொடக்கத்தில் அரசாங்கம் அனுப்பிய நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரி மிகுந்த உற்சாகத்துடன் அறிக்கை எழுதினார். ஆயினும் அவருக்குப் பின் பரிசோதித்த குழுவினர் இத்தொழில் கட்டுப்படியாகாது என்று முடிவுகூறவே, காரியம் கைவிடப்பட்டது. ஐம்பது வருஷங்களுக்குப் பின் பொன்னாசை மீண்டும் கிளம்பியபோது எல்லோருடைய நினைவிலும் நின்றது நிக்கல்சனின் உற்சாகமே. குழுவின் தீர்ப்பை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஆஸ்திரேலியாவில் சுரங்க நிபுணராகப் பெயர்பெற்ற பிரௌ ஸ்மித்தை அரசாங்கம் 1879-இல் வரவழைத்தது. அவருடைய அறிக்கை சாதகமாக இருந்ததும், 1880, 1881 ஆகிய இரண்டே வருஷங்களில் இங்கிலாந்தில் 41 கம்பெனிகள், மொத்தம் ஐம்பது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனத்தை அறிவித்துத் தோன்றின. பாறையை இடிக்கும் உலக்கை இயந்திரங்கள் அந்நாளைய நவீன விஞ்ஞானத்தின் சின்னங்கள்; உளியும் கையுமாக வேலைசெய்த குறும்பனுக்கே இவ்வளவு பொன் கிடைத்ததென்றால், நீராவி இயந்திரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று லண்டனில் கணக்கிட்டார்கள். எளிதில் கிட்டும் பொன்னை முன்னோர் எடுத்துத் தீர்த்திருக்கலாம் என்பதற்கும் அதே பழங்குழிகள் சாட்சி அல்லவா? ஒரே குழி இருவிதமாகவும் சாட்சி சொல்லக்கூடியதாயிருக்க, பணம் போட்டவர்கள் தங்களுக்கு இனிய சாட்சியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். பந்தலூரில் குதிரைப் பந்தய மைதானம்கூட அமைந்தது. இயந்திரங்கள் இடிக்கத் தொடங்கிய பிறகோ, செலவுக்கு ஈடாகாத அற்பப் பொன்னே கிடைத்தது. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் பெரும்பாலும் மறைந்தன.

இதன் மறுபுறத்தையும் சொல்வது நியாயம். நீலகிரியில் சூடுபட்டவர்களின் அவநம்பிக்கை கோலார்ப் பொன்வயலையும் பற்றிக்கொண்டது. அங்கே மைசூர்க் கம்பெனியின் மூலதனம் ஏறக்குறையக் கரைந்து, மூடிவிடலாமா என்ற ஆலோசனை நடந்த வேளையில், எஞ்சிய தொகையுடன் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி பழங்குழிகளின் போக்கை நிதானமாக ஆராய்ந்து தோண்டி, 1880-களின் நடுவில் சாம்பியன் என்னும் பொன்ரேகையைக் கண்டார். அந்தச் சுரங்கம் 2001 வரை நடந்தது. 1993-இல் இன்போசிஸ் என்ற மென்பொருள் கம்பெனி, பங்கு ஒன்றுக்கு 95 ரூபாய் விலைவைத்துப் பொதுமக்களிடம் வந்தபோதும், வாங்க முன்வந்தவர் போதவில்லை. நம்பிக்கையைப் போலவே அவநம்பிக்கையும் தனக்கு வேண்டிய துண்டுகளை மட்டுமே கத்தரிக்கிறது.

இதற்கு மாற்றுவழி நம் மரபிலேயே உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிறர் கொள்கையைக் கூறும் பரபக்கத்தை முன்வைத்து, தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்தைப் பின்வைத்தார். மறுப்பதற்காகவேனும் எதிராளியின் கட்சியை முதலில் எடுத்துரைத்தாக வேண்டும் என்பது நம் தர்க்க மரபு. டார்வினும், தம் கொள்கைக்கு விரோதமான செய்தி கண்ணில் பட்டால் உடனே குறித்துவைப்பதை நியமமாகக் கொண்டிருந்தார். சாதகமானவற்றைவிடப் பாதகமானவையே மனத்தைவிட்டு எளிதில் நழுவுகின்றன என்பதை அவர் அநுபவத்தால் கண்டிருந்தார். ஒரு பங்கை வாங்குமுன், அதை விற்கிறவன் என்ன காரணத்தால் விற்கிறான் என்பதை, அவனே ஒப்புக்கொள்ளும்படி எழுதிப் பார்க்கவேண்டும் என்று நான் மனமாரக் கருதுகிறேன். இதைப் பெரியவரிடம் உரிய காலத்தில், உரிய அழுத்தத்தோடு நான் சொல்லாமற் போனது இன்றும் என்னை வருத்துகிறது.

2000 பிப்ரவரியில் பம்பாய்ப் பங்குச்சந்தைக் குறியீட்டெண் 6,000-ஐத் தொட்டது. பெயரில் 'இன்போ' என்றோ 'சாப்ட்' என்றோ சேர்த்துக்கொண்ட கம்பெனிகளின் பங்குகளும் ஏறின. மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 5,048-இல் முடிந்து, அதன்பின் சரியத் தொடங்கியது. 2001 செப்டம்பரில் பம்பாய்க் குறியீடு 2,700-க்கும் கீழே இறங்கியது. பெரியவரின் பங்குக்கு அதற்கு முன்னரே கேட்பாரில்லை.

அவர் காலமானபின் அந்த நோட்டு என்னிடம் வந்தது. கடைசியாக ஒட்டிய துண்டு, இது தற்காலிக இறக்கமே என்று ஒரு நிபுணர் சொன்னது. 2001 தொடக்கத்துத் தேதி. பசை காய்ந்து ஓரம் சுருண்டிருக்கிறது. அதற்கப்பால் கோடிட்ட பக்கங்கள் பாதி நோட்டுக்கு மேல் வெறுமையாகவே இருக்கின்றன.