எழும்பூரில் தொடங்கிய பாடம்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் வைத்த யோசனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் படிக்கிற ஏழெட்டுப் பேர், மாதம் இரண்டு சனிக்கிழமை உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர விரும்புகிறார்கள். பள்ளியில் சரி என்று சொல்லிவிட்டார்கள். இழுபறி நம் பக்கம்தான். "நம்ம பிள்ளைகளுக்கே டியூஷன் வைக்க வேண்டியிருக்கு, இவங்க போய் யாருக்குச் சார் சொல்லித்தரப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லாம் சர்டிபிகேட்டுக்காகத்தான் என்றார் இன்னொருவர். வேன் வாடகையைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, முடிவெடுக்காமல் கலைந்தோம்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் பேரேடு பார்த்தே ஓய்வு பெற்றவன். ஆனால் மாணவன் ஆசிரியராகலாமா என்ற இந்தக் கேள்வியை உலகம் ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனை நடந்த இடம் நாம் ரயில் பிடிக்கப் போகும் எழும்பூர். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் அந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1789-ஆம் ஆண்டு. ஆங்கிலேயப் படைவீரர்களுக்கு இங்கே பிறந்து, ஆதரவின்றி நின்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஓர் அனாதை விடுதி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (வேறு பல பதவிகளின் சம்பளம் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிள்ளைகள் நிறைய, ஆசிரியர்கள் குறைவு. இருந்த ஆசிரியர்களும் அசிரத்தையாக இருந்தார்கள்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதை பெல் பார்த்தார். மலபார் என்றதும் கேரளம் என்று நினைக்காதீர்கள். அந்நாளைய வெள்ளைக்காரர்கள் தமிழரையும் தமிழையும் அப்படித்தான் குறிப்பிட்டார்கள். அவர் பார்த்தது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம். இதை விடுதியிலும் செய்யுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் முடியாது என்றார்கள். அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை நீ எடு என்றார். சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். பெரியவர்கள் முடியாது என்று சொன்னதை அவன் செய்து காட்டினான். அதன்பின் வகுப்புக்கு வகுப்பு, தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாடாகப் பள்ளியையே மாற்றிவிட்டார் பெல்.

அந்த விடுதிப் பையன்களில் வில்லியம் ஸ்மித் என்றொருவன், டவ்ட்டன் என்ற கேப்டனுடன் திப்பு சுல்தானின் அரசவைக்கே போய் விஞ்ஞானச் சோதனைகளைச் செய்து காட்டினான். பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கூட்டத்தில் கேட்டவருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

பெல் 1796-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு இந்த அனுபவத்தை லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் லண்டனில் இதே முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் தரப்புக்கும் பெரிய சண்டை. லங்காஸ்டர் தம்மிடம் பழகிய மாணவர்களையே வேறு ஊர்களுக்கு அனுப்பிப் புதுப் பள்ளிகளைத் தொடங்கச் செய்தார். நம் பிள்ளைகள் இப்போது கேட்பதற்கு மிக நெருக்கமானது இதுதான். தென் அமெரிக்காவில் சிமோன் பொலிவார் வரைக்கும் இந்த முறைக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள். 1832-இல் பெல் இறந்தபோது இதைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000-க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர். நாம் மெட்ராஸை மாற்றிச் சென்னை ஆக்கிவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

மணலை மலபார் பள்ளியில் கண்டதாக பெல் ஒப்புக்கொண்டார். பையன் பையனுக்குச் சொல்லித்தருவது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். இதை நான் ஏற்கமாட்டேன். திண்ணைப் பள்ளியைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டவர்களுக்குச் 'சட்டாம்பிள்ளை' யார் என்று தெரியும். வாத்தியார் இல்லாத நேரத்தில் முறை சொல்லி, மற்றப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்து, எண்சுவடி ஒப்பிக்கச் செய்தது அந்த மூத்த மாணவன்தான். பெல் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே, 1623-இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கர்நாடகத்து இக்கேரியில் ஒரு கோயில் வாசலில் நான்கு சிறுவர்கள் மணலில் எழுதிப் பாட்டாகப் பாடிக் கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அருகில் வாத்தியார் இல்லை. மறந்துவிட்டால் யார் திருத்துவார்கள் என்று கேட்டிருக்கிறார். நாலு பேரும் ஒரே இடத்தில் மறக்க மாட்டோமே என்பதுதான் அவர்கள் பதிலின் சாரம். பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் இந்நாட்டு முறையை இங்கிலாந்து பார்த்துச் செய்தது தகும் என்றே எழுதினார். மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தாமஸ் மன்றோ 1826-இல் தொகுத்த கணக்கு, இப்படிக் கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களிலிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பழைய காலம் பொற்காலம் என்று யாரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அதே காம்ப்பெல் அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். சட்டாம்பிள்ளையிடம் பிரம்பு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தின்பண்டம் கொடுத்துத் தப்பித்த கதைகள் பல குடும்பங்களில் உண்டு. லண்டனில் லங்காஸ்டர் ஒரு படி மேலே போய், குறும்பு செய்த பையன்களைக் கூடையில் உட்கார வைத்து மேலே தொங்கவிட்டார். திண்ணையில் எல்லாருக்கும் இடமும் இல்லை. பெண் குழந்தைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைப் பெரும்பாலான ஊர்களில் சேர்த்ததே இல்லை.

உத்திரமேரூருக்கு வருவோம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதும், அதில் குடவோலைத் தேர்தல் விதிகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. (நம் அசோசியேஷனுக்கும் பரிந்துரைக்கிறேன்.) குடத்திலிருந்து ஓலையை எடுக்க, விவரமறியாத ஒரு சிறுவனைத்தான் நிறுத்தினார்கள். வாரியத்துக்கு நிற்கக் கல்வித் தகுதியும் கேட்டார்கள். அந்தக் கல்வி வேதக் கல்வி. பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்தில் மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று சகல வசதியும் இருந்தது. அதுவும் அதே கல்விக்குத்தான். வயலில் வேலை செய்தவர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வந்து சேர, ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி வர வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் போக நினைப்பது அப்படியொரு பள்ளிக்கு.

மெட்ராஸ் முறை ஏன் மறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்ற சிக்கனக் கணக்கில் மயங்கி, ஆசிரியரே அதிகம் தேவையில்லை என்று நிர்வாகிகள் நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கிளிப்பிள்ளைகளானார்கள். கடைசியில் 1846-இல் இங்கிலாந்து அரசு, குறைந்தது 13 வயதானவர்களை ஐந்தாண்டு பயிற்சி மாணவ ஆசிரியர்களாக எடுக்கும் திட்டத்துக்கு மாறியது. செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்து லாபம் என்று எழுதிய பேரேடு அது. நம்மூரில் கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டுப் பக்கத்தில் சொல்லித்தந்தார்கள். பகலில் பள்ளியும் ஆசிரியரும் அப்படியே இருந்தார்கள். அந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் ஓட்டு பிள்ளைகளுக்கே. சில நிபந்தனைகளும் உண்டு. வகுப்பாசிரியர் உடனிருக்க வேண்டும். எந்தப் பாடம் என்பதை அவரே சொல்ல வேண்டும். நம் பிள்ளை ஒவ்வொருவரும் மூன்று நான்கு குழந்தைகளுடன் மட்டும், வருடம் முழுக்க அதே குழந்தைகளுடன், உட்கார வேண்டும். ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் பெயர் தெரிவதற்குள் வருடம் போய்விடும். மார்ச் வரை ஒழுங்காக வந்தவருக்கே சர்டிபிகேட். செல்ஃபி கூடாது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளும் ஒருநாள் நம் வளாகத்துக்கு வந்து, அவர்களுக்குத் தெரிந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும். நாற்று எது, களை எது என்று நம் பதினொன்றாம் வகுப்புக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வேன் வாடகைக்கு நான்கு வீடுகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. இன்னும் நான்கு வீடுகள் முன்வந்தால், மெயின்டனன்ஸ் கணக்கில் கை வைக்காமல் ஜூன் மாதமே தொடங்கலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.