குடுவையும் கணக்கும்

ஐரோப்பிய நாட்டுப் பழைய ஓவியங்களிலே மருத்துவர் யார் என்று கண்டுகொள்வது எளிது. கண்ணாடிக் குடுவையொன்றை உயர்த்திப் பிடித்து, உள்ளே இருப்பதை ஒளிக்கெதிரே உற்று நோக்கிக் கொண்டிருப்பார். குடுவையிலே இருப்பது நோயாளியின் சிறுநீர். நோயாளியோ வீட்டிலே படுத்துக் கிடப்பான். ஏவலாள் குடுவையைச் சுமந்து வருவான். முகம் பாராமல், நாடி பிடிக்காமல், நிறத்தைக் கொண்டே நோயைச் சொன்னார்கள். பிழைப்பானா, சாவானா என்றும் சொன்னார்கள். 1506-ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் அச்சான மருத்துவ ஏடொன்றிலே, இருபது நிறக் குடுவைகள் சக்கரம் போலச் சுற்றி வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலன். நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலே பல்லி விழும் பலன் எழுதியிருக்கிறதே, ஏறக்குறைய அந்த முறை!

1637-லே தாமஸ் பிரையன் என்ற ஆங்கிலேயர் இந்தக் குடுவைச் சோதிடத்தைக் கண்டித்து நூல் எழுதினார். எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரிலே நோயின் அடையாளம் இல்லாமற் போகவில்லை. நீரிழிவுக்காரரின் சிறுநீர் இனிக்கிறது என்று 1674-லே தாமஸ் வில்லிஸ் எழுதினார், அது உண்மை. நம் சித்த மருத்துவர்களும் நீர்க்குறி பார்த்தனர், சிறுநீரிலே எண்ணெய்த் துளி விட்டு நெய்க்குறி பார்த்தனர். பார்த்தது பிழையன்று. சொன்ன குறி எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று எவரும் எண்ணி வைக்கவில்லையே, பிழை அங்கே இருக்கிறது.

"இதெல்லாம் இருட்டுக் காலத்துக் கதை, விஞ்ஞானம் வந்த பிறகு ஏது இந்த மயக்கம்?" என்று தோழர்கள் கேட்கலாம். அதே சிறுநீர், இருபதாம் நூற்றாண்டிலே, ஆய்வுக்கூடத்திலே, கற்றுத் தேர்ந்த அறிஞர்களையே ஏமாற்றிய வரலாறு ஒன்றுண்டு. அதைச் சொல்லத்தான் குடுவையை எடுத்தோம்.

நியூரோபிளாஸ்டோமா என்பது பச்சிளங் குழந்தைகளைப் பற்றும் புற்றுநோய். நரம்புத் திசுவிலே, பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியிலே தோன்றுகிறது. ஒரு வயதுக்குள்ளே கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளிற் பெரும்பாலோர் பிழைத்தனர். வயது கடந்து, நோய் உடலெங்கும் பரவிய பின் வந்த குழந்தைகளிலே பலர் மாண்டனர். கட்டி சுரக்கும் பொருள் சிறுநீரிலே தெரியும். அப்படியானால், எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் முன்கூட்டியே சோதித்துவிட்டால் என்ன? எவ்வளவு நேரிய எண்ணம்! 1970களிலே கியோட்டோ நகரிலே தொடங்கிய இந்தச் சோதனையை, 1980களின் நடுவிலே ஜப்பானிய அரசு நாடு முழுவதற்கும் விரித்தது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரைத் தாளிலே நனைத்துத் தாய்மார் அஞ்சலில் அனுப்பினர். நோய் கண்ட குழந்தைகளின் தொகை ஏறிற்று. கண்டுபிடிக்கப்பட்டவருள் ஏறத்தாழ எல்லோருமே பிழைத்தனர். வெற்றி என்றனர்; வேறென்ன சொல்வார்கள்?

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. குழந்தைப் பருவத்திலேயே நோயைப் பிடித்துவிட்டால், பின்னாளிலே முற்றிய நோயோடு வருவோர் குறைய வேண்டுமல்லவா? எதிர்பார்த்தபடி அவர்கள் குறையவில்லை.

ஊர்க்காவலன் ஒருவன், மாலையிலே வீதியில் விளையாடும் சிறுவரையெல்லாம் பிடித்துச் சாவடியில் அடைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "நான் பிடித்தவருள் ஒருவன்கூடக் கன்னமிடவில்லை" என்று மார் தட்டுகிறான். உண்மைதான்! அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். கள்வனோ நள்ளிரவிலே, காவலன் உறங்கப் போன பின் வருகிறான். நியூரோபிளாஸ்டோமாவிலே அப்படித்தான் நடந்தது. ஆறு மாதத்திலே தென்படும் கட்டிகளிற் பல தாமே சுருங்கி மறைபவை. கொல்லும் கட்டியோ பிறகு தோன்றி, விரைந்து வளர்கிறது. சோதனையிலே சிக்கியவை பெரும்பாலும் முதல்வகை. தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிக்காக, பால் மணம் மாறாத குழந்தைகள் அறுவைக்கத்திக்கும் கடும் மருந்துக்கும் ஆளாயினர். எந்தக் குழந்தை தேவையில்லாமல் அறுக்கப்பட்டது என்பதை அதன் தாயும் அறியாள், அறுத்த மருத்துவரும் அறியார். பிழைத்ததைக் கண்டு இருவரும் மகிழ்ந்தனர், நன்றியும் கூறினர்.

தனி ஒரு குழந்தையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்த கூட்டத்தையும் சோதிக்காத கூட்டத்தையும் பக்கத்திலே பக்கம் வைத்து, சாவை எண்ண வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்திலே 1989 முதல் 1994 வரை பிறந்த ஏறத்தாழ 4,76,000 குழந்தைகளுக்குச் சோதனை அளிக்கப்பட்டு, சோதனையில்லாத பகுதிகளோடு ஒப்பிடப்பட்டது. ஜெர்மனியிலே 1995 முதல் 2000 வரை ஆறு மாநிலங்களிலே, ஒரு வயதளவிலே, 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். சோதனையிலே நோய் கண்டவர் 149. அவருள் இறந்தவர் 3. நோயில்லை என்று சோதனை சொல்லி அனுப்பிய பின் நோய்ப்பட்டவர் 55. அவருள் இறந்தவர் 14. இலட்சம் குழந்தைகளுக்குச் சாவு, சோதித்த கூட்டத்திலே 1.3, சோதிக்காத கூட்டத்திலே 1.2. எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு! ஆனால் அதைப் போடுவதற்கு இலட்சக்கணக்கான குழந்தைகளும், ஆண்டுக்கணக்கிலே பொறுமையும், "நாம் நம்பியது தவறாயிருக்கலாம்" என்ற நெஞ்சுரமும் வேண்டியிருந்தன.

இரண்டு முடிவுகளும் 2002-லே வெளிவந்தன. பயன் இருந்தது என்று ஜப்பானிலேயே சில மருத்துவர்கள் வாதாடினர். அவ்வாதம் பிறகும் தொடர்ந்தது. எனினும் சோதனையை நிறுத்துவதென 2003-லே அரசு முடிவு செய்தது. தானே தொடங்கி, தானே பாராட்டி, தாய்மார் நம்பி ஏற்ற ஒன்றைத் தானே நிறுத்தியது. மதத்தின் பேராலே நடைபெறும் சடங்கு எதுவாவது, கணக்குப் பார்த்துக் கைவிடப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதுண்டா?

சோதனையெல்லாம் வீண் என்று இதைப் படித்து எவரும் கிளம்பிவிட வேண்டாம். அதுவும் எண்ணிப் பாராத பேச்சாகிவிடும். நம் திண்டுக்கல் மாவட்டத்திலே நடந்ததைப் பாருங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்னறிய, பயிற்சி பெற்ற செவிலியர், காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையிலே தடவி, வெண்மை படர்கிறதா என்று கண்ணாலே பார்த்தனர். விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. 114 பகுதிகளைச் சீட்டுப் போடுவது போலப் பிரித்து, 57-லே இந்தச் சோதனையை 2000-ஆம் ஆண்டிலே தொடங்கினர். மற்ற 57-லே வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2007-லே முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த பகுதிகளிலே நோய் 25 விழுக்காடு குறைவு. சாவு 35 விழுக்காடு குறைவு. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள உழைக்கும் பெண்களின் உயிர் அது.

சோதனையில்லாத 57 பகுதிகளின் பெண்களை அப்படி விட்டது முறைதானா என்ற கேள்வி, பின்னாளிலே மருத்துவ உலகினுள்ளேயே எழுந்தது. ஒப்பிடாமல் உண்மையை அறிந்திருக்க முடியாது என்று விடை கூறலாம். ஆனால் கருப்பை வாய்ச் சோதனை பிற நாடுகளிலே முன்பே உயிர் காத்து வந்ததே என்று எதிர்க்கேள்வி வருகிறது. அதைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்த 57 பகுதிகளிலே வாழ்ந்தவரும் நம் அன்னையர்தாம், நம் தமக்கையர்தாம்.