புகைப்படத்தை ஓவியமாக்கும் ஆசை



குடும்பக் குழுவில் இப்போது யார் படம் போட்டாலும் எண்ணெய் ஓவியம் போலத்தான் வருகிறது. "சார், இது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்புதானே?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

ஆசை பழையதப்பா. 1890களில் பாரிஸில் ராபர்ட் டெமாஷி என்றொருவர் இருந்தார். பிசினோடு வண்ணப்பொடியும், ஒளி பட்டால் பிசினை இறுகச் செய்யும் பைகுரோமேட் உப்பும் கலந்து காகிதத்தில் பூசுவார். மேலே நெகட்டிவை வைத்து வெயில் காட்டி, பிறகு தண்ணீரில் கழுவுவார். ஒளி படாத இடம் கரைந்து போகும். அவர் அதோடு நிற்கவில்லை. ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் வேண்டாததைத் துடைத்தெடுப்பார். பின்னணி மறைந்துவிடும், முகம் நிற்கும். புகைப்படமா, கரித்துண்டு ஓவியமா என்று பார்ப்பவர் திகைப்பார். இது ஏமாற்று என்று சொன்னவர்களும் உண்டு. 1932இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எஃப்/64 என்ற குழுவாகச் சேர்ந்து, புகைப்படம் புகைப்படமாகவே கூர்மையாக இருக்கட்டும் என்றார்கள்.

கணினிக்கு வருவோம். ஃபோட்டோஷாப் வெளிவந்த அதே 1990இல் பால் ஹேபர்லி ஒரு வழி காட்டினார். புகைப்படம் மறைந்திருக்கும்; நீங்கள் மவுஸை நகர்த்தினால் அந்த இடத்து நிறத்தில் ஒரு தூரிகைக் கோடு விழும். நிறம் படத்துடையது, கை உங்களுடையது. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கேட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும் அந்தக் கையையும் எடுத்துவிட்டார்கள். தங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகளின் புகைப்படத்தை வான்கோ பாணியில் கணினியே வரைந்தது. மறு ஆண்டே பிரிஸ்மா செயலி வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. எங்கள் அப்பத்தாவுக்கு இருப்பது ஒரே படம். அந்தக் காலத்து ஸ்டுடியோ ஓவியர் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டியது. சேலைக்கு அவர் போட்ட அரக்குச் சிவப்பில் அப்பத்தா சேலையே கட்டியதில்லையாம். ஆனால் கன்னத்து மச்சத்தை அவர் தொடவில்லை. அது போனால் அப்பத்தா இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது! சென்ற மாதம் பேரன் அதையே செயலியில் போட்டான். அழகாகத்தான் வந்தது. மச்சம் மட்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாக்கித்தான் தூரிகைத் தடம் உண்டாகிறது. சின்னது எதுவோ அதுதான் முதலில் போகும்.

பிறகு ஃபோட்டோஷாப்பில் உட்காரவைத்தேன். அசல் படம் கீழே, அதன் பிரதி மேல் லேயரில். ஃபில்டர் மேல் லேயருக்கு மட்டும். அதில் மாஸ்க் போட்டு, கண், வாயோரம், மச்சம் இருக்கும் இடங்களில் ஃபில்டரை மெல்ல விலக்கச் சொன்னேன். டெமாஷி தூரிகையால் செய்த அதே வேலைதான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முணுமுணுத்துக்கொண்டே செய்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் கை வண்ணம் தீட்டிய படங்கள் இருக்கும். முதலில் அசலை ஸ்கேன் செய்து தனியாக வையுங்கள். அப்புறம் எந்தப் பொத்தானை வேண்டுமானாலும் அழுத்துங்கள். கிடைத்தால் இங்கே கீழே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.